வெயில், குளிர், கண்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கோடை தொடங்கியதும் எனக்குக் கண்கட்டி மாறி மாறி வருகிறது. உடல் சூடுதான் காரணமா?

பதில்: இல்லை. இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபட்டு, தோலில் வழக்கமாகவே இருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியா அங்கே பெருகுவதால்தான் கண்கட்டி வருகிறது. வியர்வையும் தூசியும் படிந்த கையால் கண்ணைத் துடைப்பது இதற்கு வழி செய்யும். எண்ணெய்க் குளியலுக்கு நான் தடை சொல்வதில்லை; ஆனால் கண்ணுக்குள் விளக்கெண்ணெய் விடும் வழக்கம் வேண்டாம். பலர் ‘சூடு’ என்று அஞ்சும் இதற்கு முதல் சிகிச்சையே சூடுதான்: பொறுக்கக்கூடிய வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால், தினமும் மூன்று நான்கு முறை, பத்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். அடிக்கடி வருவதால் இரத்தச் சர்க்கரையையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோவையில் ஃபவுண்டரி ஒன்றில் பல ஆண்டுகளாக உலைக்கு முன் வேலை செய்கிறேன். 48 வயதிலேயே கண்புரை என்கிறார்கள். உலை வெப்பம் காரணமாக இருக்குமா?

பதில்: இருக்கலாம். கண்ணாடி ஊதும் தொழிலாளர்களுக்குக் கண்புரை மிகுதியாக வருவது இங்கிலாந்தில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொழில்நோயாக ஏற்கப்பட்டது. அவர்களுக்காகவே வில்லியம் குரூக்ஸ் என்ற வேதியியலாளர் 1913 வாக்கில் சீரியம் கலந்த பாதுகாப்புக் கண்ணாடியை உருவாக்கினார். உருகிய உலோகத்திலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்களைக் கருவிழிக்குப் பின்னுள்ள நிறத்திரை உறிஞ்சிச் சூடாகிறது. அதை ஒட்டியிருக்கும் லென்சுக்கு இரத்த நாளங்கள் கிடையாது என்பதால், அங்கு சேரும் வெப்பத்தைக் கடத்திச் செல்ல வழியில்லாமல் அதன் புரதங்கள் மெல்ல மெல்ல மங்குகின்றன. சாதாரணக் கூலிங் கிளாஸ் இதற்குப் போதாது, உலை வேலைக்கென்றே வரும் அகச்சிவப்புத் தடுப்புக் கண்ணாடி வேண்டும். வியர்வையில் கண்ணாடி மூடிக்கொள்கிறது, உலோகத்தின் நிறம் பார்த்துப் பதம் அறிய முடியவில்லை என்று தொழிலாளர்கள் சொல்வது நியாயமான குறைதான். ஆகவே உங்கள் பணிக்குப் பொருந்தும் அடர்த்தியில் வாங்கித் தரும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள். சர்க்கரை நோய், புகைபிடித்தல், ஸ்டீராய்டு மருந்துகள் ஆகியவையும் இளவயதுப் புரைக்குக் காரணமாகும் என்பதால் அவற்றையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஒன்பது வயது மகனுக்குக் கோடைதோறும் கண் சிவந்து கடுமையாக அரிக்கிறது. மருந்துக் கடையில் தந்த சொட்டு மருந்தில் இரண்டே நாளில் சரியாகிறது. தொடரலாமா?

பதில்: வேண்டாம். வெப்பமும் வறட்சியும் மிகுந்த இடங்களில், பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வரும் வெர்னல் என்ற ஒவ்வாமையாக இது இருக்கக்கூடும். அரிப்பு தாங்காமல் பிள்ளை மணிக்கட்டால் கண்ணைத் தேய்க்கிறானா, பீளை நூலாக இழுபடுகிறதா என்று கவனியுங்கள். அவ்வளவு விரைவில் குணம் தெரிகிறது என்றால் அந்த மருந்து ஸ்டீராய்டாக இருக்க வாய்ப்பு அதிகம்; டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் ஆகிய பெயர்களில் ஒன்று புட்டியில் உள்ளதா என்று பாருங்கள். கண்காணிப்பின்றி அவற்றைப் பயன்படுத்தினால் கண் அழுத்தம் வலியே தெரியாமல் உயர்ந்து, பார்வை நரம்பு நிரந்தரமாகச் சேதமாகும்; நோயைவிட இந்தச் சொட்டு மருந்தால் பார்வை இழந்த பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்கு வருத்தம் அதிகம். புட்டியோடு கண் மருத்துவரிடம் சென்று அழுத்தத்தை அளந்து பாருங்கள். குளிர்ந்த நீர் ஒத்தடமும் வெளியில் தொப்பியும் உதவும். தேய்ப்பதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும், ஏனெனில் தொடர்ந்து தேய்ப்பதால் கருவிழி கூம்பு வடிவில் புடைத்துவிடக்கூடும். பெரும்பாலோருக்குப் பருவ வயதைக் கடந்ததும் இது தணிந்துவிடும்.

கேள்வி: டொராண்டோவில் இருக்கிறேன். குளிர்காலத்தில் வெளியே வந்தாலே கண்ணீர் கொட்டுகிறது.

பதில்: குளிர்காற்று கண்ணீர்ப் படலத்தை உலர்த்துவதும், கருவிழி நரம்புகள் குளிரை உணர்வதும் கண்ணீரைத் தூண்டுகின்றன. வீட்டு ஹீட்டர் அறையின் ஈரத்தைக் குறைத்து வறட்சியைக் கூட்டும். புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும் என்பதால், பனிச்சறுக்குக்குச் சென்றால் பக்கவாட்டிலும் மறைக்கும் கண்ணாடி அணியுங்கள்.

கேள்வி: கிளாகோமா என்ற கண் அழுத்த நோய்க்கான லாட்டனோபிராஸ்ட் சொட்டு மருந்தைக் காரில் மறந்துவிட்டேன். பயன்படுத்தலாமா?

பதில்: பிரிக்காத புட்டியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸிலும், பிரித்ததை 25 டிகிரிக்குள் ஆறு வாரம் வரையிலும் வைக்கலாம். வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே அதைவிட மிக அதிகமாகச் சூடாகும், புதிது வாங்கிவிடுங்கள்.