கம்பியில் சுழலும் சீனக் கோழி: அண்ணாச்சியிடம் கேட்டவை

சிங்கப்பூரில் ஒரு சீனச் சமையல்கட்டில் 11 வருடம் இருந்தேன். கோழியும் வாத்தும் கொக்கியில் வரிசையாகத் தொங்கும் அடுப்புக்கு முன்னால்தான் வேலை. இப்போது பாளையங்கோட்டையில் வீட்டுப் புறவாசலில் பாதி டிரம், ஒரு கம்பி, ஒரு மோட்டார் வைத்து அதே கோழியைச் சுடுகிறேன். கோயில் கொடைக்கு வந்தவர்கள் சாப்பிட்டுப் போனதிலிருந்து ஊர் ஊராகக் கேள்வி வருகிறது. பதில்கள் இதோ.

அம்பாசமுத்திரத்திலிருந்து: அண்ணாச்சி, தேன், சோயா சாஸ் எல்லாம் ராத்திரியே தடவி ஊற வச்சேன். சுட்டா மேலே கருகிருது, எலும்புப் பக்கம் ரத்தம் நிக்குது. எங்கே தப்பு?

தப்பு ராத்திரியே நடந்துவிட்டது, தம்பி. முழுக்கோழி வேக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தேன் கருகக் கால் மணி நேரம் போதும். இரண்டையும் ஒன்றாக நெருப்பில் ஏற்றினால் தேன்தான் முந்தும்.

முதல் நாள் உப்பும் மசாலாவும் மட்டும் போதும். 1.3 கிலோ கோழிக்கு 20 கிராம் உப்பு, ஒரு டீஸ்பூன் ஐந்து மசாலாத் தூள், தட்டின இஞ்சி, பூண்டு. வயிற்றுக்குள்ளும், தொடைத் தோலை விரலால் தூக்கி அதன் அடியிலும் தடவுங்கள். மேல்தோலில் ஈரமாக எதுவும் வேண்டாம். கொதிக்கிற தண்ணீரை ஒரு செம்பு தோல்மேல் ஊற்றினால் தோல் சுருங்கி விறைக்கும். துணியால் ஒற்றி, தட்டில் வைத்து, மூடாமல் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் தோல் தாள் மாதிரி காய்ந்திருக்கும். காய்ந்த தோலில்தான் சோயா சேர்ந்த இனிப்புப் பூச்சு நிற்கும். ஈரத்தோலில் வழிந்து கரியில் விழும்.

நெருப்பைக் கோழிக்கு நேர் கீழே வைக்காதீர்கள். டிரம்மின் இரண்டு ஓரத்திலும் கரி, நடுவில் தண்ணீர் ஊற்றிய தட்டு. கொழுப்பு அந்தத் தட்டில் சொட்டட்டும். கரியில் சொட்டினால் புகைந்து தோல்மேல் மசி பிடிக்கும், அந்தக் கசப்பை எந்தச் சாஸும் மறைக்காது. மூடி போட்டு உள்ளே 180 டிகிரி அளவில் சுழல விடுங்கள். ஏறக்குறைய 50 நிமிடத்தில் தொடையில் 70 டிகிரி வரும். பூச்சு அப்போதுதான். மெல்லிசாக ஒரு கை, 5 நிமிடம் விட்டு இன்னொரு கை, இப்படி நாலு தடவை. கெட்டியாக ஒரே தடவை அப்பினால் மேலே கருகும், அடியில் பிசுபிசுக்கும். தொடையில் 80, நெஞ்சில் 74 வந்ததும் இறக்கிவிடலாம்.

வள்ளியூரிலிருந்து ஒரு அக்கா: சீனர்கள் மால்டோஸ் தடவுகிறார்களாமே? இங்கே எந்தக் கடையிலும் இல்லை. தேன் போதுமா?

மால்டோஸ் என்பது தானியத்தை, முளைகட்டிய தானிய மாவுகொண்டு புளிக்காமல் இனிப்பாக மாற்றிக் காய்ச்சிய பாகு. கெட்டியாக இழுபடும். அவர்கள் அதை எடுப்பதற்குக் காரணம் உண்டு. தேனில் அதிகம் இருக்கும் பழச்சர்க்கரை 110 டிகிரியிலேயே கருக ஆரம்பிக்கும். மால்டோஸ் 180 வரை தாங்கும். நம் கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ், அது 160 வரை பொறுக்கும். அதனால் தேனைவிட நம் கருப்பட்டியே மால்டோஸுக்குப் பக்கத்தில் வருகிறது! நான் ஊர் திரும்பி முதலில் தேனில்தான் செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் தேன் தீர்ந்து, பரணில் இருந்த உடன்குடிக் கருப்பட்டியை உடைத்துப் போட்டேன். அன்றிலிருந்து தேனைத் தொடவில்லை. அந்தப் பனை வாசமும் சோயாவும் சேரும் மணத்தை நான் சிங்கப்பூரில்கூடக் கண்டதில்லை.

100 கிராம் கருப்பட்டியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கட்டாயம் வடிகட்டுங்கள், மண் இருக்கும். அதில் மூன்று மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு மேசைக்கரண்டி வினிகர், இரண்டு மேசைக்கரண்டி ஹோய்சின் சாஸ். ஹோய்சின் என்பது புளிக்கவைத்த சோயா விழுது, இனிப்பு, பூண்டு சேர்ந்தது. திருநெல்வேலியில் பெரிய சூப்பர் மார்க்கெட்டில் பாருங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். கரண்டியின் பின்புறம் ஒட்டி நிற்கிற பதம் வரை காய்ச்சினால் போதும். பாகுப் பதம் தாண்டினால் ஆறியதும் கல்லாகிவிடும்.

சங்கரன்கோவிலிலிருந்து: கடையில கேட்டா கோழித் தோலை உரிச்சுத்தான் தாராங்க. தோல் இல்லாம செய்யலாமா?

வேண்டாம். இந்தச் சமையலே தோலுக்காகத்தான். முதல் நாளே சொல்லி வையுங்கள்: "தோலோட, முழுசா, மஞ்சள் பூசி வாட்ட வேண்டாம்." வாட்டின தோலில் மஞ்சளும் புகையும் ஏறி, சீன மணம் அடிபட்டுப் போகும். 1.2லிருந்து 1.5 கிலோ வரை சரியான எடை. அதற்கு மேல் போனால் தொடை வேகுமுன் நெஞ்சு வறண்டுவிடும்.

மேலப்பாளையத்திலிருந்து: இணையத்தில் பார்க்கிற எல்லாக் குறிப்பிலும் அரிசி மது இருக்கிறதே, அண்ணாச்சி?

தாராளமாக விட்டுவிடுங்கள். பச்சை வாடை போகத்தான் அதைச் சேர்ப்பார்கள். ஒரு மேசைக்கரண்டி இஞ்சிச் சாறு அந்த வேலையைச் செய்யும். சோயா சாஸ், ஹோய்சின் பாட்டில்களில் ஹலால் முத்திரை பார்த்து வாங்குங்கள்.

ஆலங்குளத்திலிருந்து: ஐந்து மசாலா எவை?

அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, சோம்பு, சிச்சுவான் மிளகு. நாலு நம் பிரியாணி டப்பாவிலேயே இருக்கிறது. நம் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கிற தடித்த பட்டையைத்தான் அவர்களும் போடுகிறார்கள். சிச்சுவான் மிளகு நல்லமிளகின் இனமே அல்ல, எலுமிச்சைக் குடும்பம். நாக்கை மரத்துப்போக வைக்கும். அதற்குப் பதில் கொஞ்சம் நல்லமிளகும் காய்ந்த ஆரஞ்சுத் தோலும் சேர்த்துப் பொடித்தால் மணம் ஓரளவு வரும், அந்த மரப்பு மட்டும் வராது. அன்னாசிப்பூவை அளவோடு போடுங்கள், கூடினால் மருந்து வாடை அடிக்கும்.

சுரண்டையிலிருந்து: ஆனி, ஆடிக் காற்றில் ஒரு பக்கம் வெந்து ஒரு பக்கம் நிற்கிறது. சாம்பல் வேறு பறந்து ஒட்டுகிறது.

செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கி உங்கள் ஊர்க் காற்றாலைகளைச் சுற்றுகிற காற்று, கரியை மட்டும் சும்மா விடுமா? காற்று வருகிற பக்கத்துக் கரி இரண்டு பங்கு வேகத்தில் எரியும். டிரம்மின் மூடின முதுகுப் பக்கத்தை மேற்கே திருப்புங்கள், ஓரங்களில் தகரம் சாத்துங்கள். சிரட்டைக் கரி நன்றாகச் சூடு தரும், புகை குறைவு. ஆனால் துண்டு மெல்லிசு, காற்றில் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆடிக் காற்றுக்கு உடைமரக் கரிதான் நின்று எரிகிறது, நான் பாதிக்குப் பாதி கலக்கிறேன். பற்றவைக்க மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், வாடை தோலில் ஏறும். காய்ந்த பாளையும் பன்னாடையும் போதும். கரிமேல் வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகு கம்பியை ஏற்றுங்கள். பூச்சு தொடங்கிவிட்டால் புதுக் கரி போடவே கூடாது. ஈரப் பாகில் சாம்பல் விழுந்தால் எடுக்க வழியில்லை.

பாவூர்சத்திரத்திலிருந்து: வண்டி வைப்பர் மோட்டார் மாட்டினேன். கோழி கிறுகிறுன்னு சுத்துது!

அது நிமிடத்துக்கு 40 சுற்றுக்கு மேல் போகும். நமக்கு மூணு, நாலு சுற்று போதும். லேத் பட்டறையில் பெரிய பல்சக்கரம் ஒன்று போட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். கம்பி எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கம்பியாக இருக்கட்டும். துத்தநாகம் பூசின ஜி.ஐ. கம்பி சாப்பாட்டுக்கு ஆகாது. பழைய டிரம் என்றால் உள்ளே என்ன இருந்தது என்று விசாரியுங்கள். ரசாயனம் இருந்த டிரம் வேண்டவே வேண்டாம். மற்றதையும் ஒரு தடவை நன்றாக நெருப்பு மூட்டிப் பெயின்ட் எரிந்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று: கோத்த கம்பியை இரண்டு உள்ளங்கையிலும் படுக்கவைத்து உருட்டிப் பாருங்கள். பாரமான பக்கம் தொப்பென்று கீழே திரும்பினால் கோழி நடுவில் இல்லை. காலையும் இறக்கையையும் பருத்தி நூலால் இறுக்கிக் கட்டி, மறுபடி கோத்துச் சரிபாருங்கள். இதை விட்டால் மோட்டார் திணறும், கோழியும் ஒரு பக்கமே நெருப்பைப் பார்த்து நிற்கும்.

தென்காசியிலிருந்து ஒரு பெரியவர்: பிராய்லர் எனக்கு ஆகாது தம்பி. நாட்டுக்கோழி சுடலாமா?

சுடலாம் ஐயா, நேரடியாக மட்டும் வேண்டாம், ரப்பராகிவிடும். சீனர்களிடமே இதற்கு வழி இருக்கிறது. சோயா சாஸ் கோழி என்று ஒன்றை அவர்கள் சுடுவதே இல்லை, சாற்றில் மெதுவாக வேகவைப்பார்கள். நீங்களும் சோயா சாஸ், இஞ்சி, அன்னாசிப்பூ போட்ட தண்ணீரில் முழுசாக முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிடாமல் வேகவையுங்கள். எடுத்து ஆறவைத்துத் தோலை ஒற்றி, கம்பியில் 25 நிமிடம், பூச்சோடு. அந்தச் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், ராத்திரி சூப் ஆகும்.

நாங்குநேரியிலிருந்து: கோழி ஊறின மசாலாத் தண்ணியையே மேலே பூசலாமா? மிச்சக் கோழி எவ்வளவு நேரம் வெளியே இருக்கலாம்?

பச்சைக் கோழி பட்டதைப் பூசவே பூசாதீர்கள். பூச்சுக்குத் தனிக் கிண்ணம், தனிப் பிரஷ். மிச்சம் என்றால், நம் கத்தரி வெயிலில் ஒரு மணி நேரம்தான் கணக்கு, அதற்குள் ஃபிரிட்ஜுக்குப் போய்விட வேண்டும்.

களக்காட்டிலிருந்து: சுட்டதும் வெட்டலாமா? தொட்டுக்க என்ன?

10 நிமிடம் கம்பியிலேயே இருக்கட்டும், பூச்சு இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகும். அப்புறம் எலும்போடு பட்டை பட்டையாக வெட்டுங்கள். சுடுசோறு, வெள்ளரிப் பிஞ்சு, தட்டில் விழுந்த சாற்றின் மேல் மிதக்கிற கொழுப்பை எடுத்துவிட்டு அடியில் நிற்பதில் ரெண்டு கரண்டி.