குடித்த காலத்து நண்பன்

அன்புள்ள அண்ணா,

குடியை விட்டு ஆறு வருடம் ஆகிறது. குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்கு வாராவாரம் போகிறேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தபோது பக்கத்து மெஷினில் தைத்தவன் என் நண்பன். பதினைந்து வருடம் ஒன்றாகக் குடித்தோம். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் டாஸ்மாக் பாருக்குத்தான் போவோம். ஆனால் போகிற வழியில் என் பையிலிருந்து ஐநூறு ரூபாயை எடுத்து, எங்கள் வீதி மளிகைக் கடையில் என் கணக்கில் கட்டிவிடுவான். "புள்ளைக்குப் பாலாவது மிஞ்சட்டும்டா" என்பான். கடைக்காரர்தான் பொறுத்துக்கொண்டார் என்று என் மனைவி இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நான் சிகிச்சைக்குச் சேர்ந்து வெளியே வந்த பிறகு அவனோடு பழகுவதை நிறுத்திவிட்டேன். ஏஏயில் எனக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினரான ஸ்பான்சரும் அதைத்தான் சொன்னார். அவனும் ஒருமுறை வீட்டிலேயே நிறுத்திப் பார்த்தானாம். இரண்டாம் நாளே கை நடுங்கி, சுவரெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று கத்தியிருக்கிறான். பயந்துபோய் வீட்டில் இருந்தவர்களே வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். போன மாதம் ஒரு ராத்திரி மூன்று தடவை போன் செய்தான். நான் எடுக்கவில்லை. பத்து நாள் கழித்து ரத்த வாந்தி எடுத்து இறந்துவிட்டான்.

இழவுக்குப் போனேன். பழைய ஆட்கள் அவன் காலடியில் ஒரு குவாட்டரை வைத்துவிட்டு, "அவனுக்காக ஒரு கட்டிங் போடு" என்று கூப்பிட்டார்கள். உடனே கிளம்பி வந்துவிட்டேன். வீட்டில் அழுதால் "அந்தக் குடிகாரனுக்கா அழறீங்க?" என்கிறாள் மனைவி. ஏஏ நண்பர்கள், "நல்லவேளை, நீங்க தப்பிச்சீங்க" என்கிறார்கள். ஒரே பாட்டிலில் குடித்தவர்கள் நாங்கள். எனக்கு இருந்த மன உறுதி அவனுக்கு இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவன் எனக்கு நண்பன்தானா, இல்லை குடிக்கக் கூட்டாளி மட்டும்தானா? ஞாயிற்றுக்கிழமை கருமாதி. போகலாமா?

(பெயர் வேண்டாம்)
திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

அவர் உங்கள் நண்பர்தான். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் குடிப்பவனுக்கு உடம்பு எப்படித் தவிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில், தானும் சேர்ந்து குடிக்கப்போகிற பணத்திலிருந்து ஐநூறை எடுத்து உங்கள் பிள்ளையின் பாலுக்கு ஒதுக்கியிருக்கிறார். கூட்டாளி அதைச் செய்ய மாட்டான்.

உங்கள் மனைவி சொன்னதற்காக அவர்மேல் வருத்தப்படாதீர்கள். அந்தப் பதினைந்து வருடம் அவர் வாசலில் காத்திருந்தவர். யாரோடு போய்க் குடித்துவிட்டு வந்தீர்களோ அந்த முகம்தான் அவருக்கு நினைவிருக்கும். ஆனால் மளிகைக் கணக்கு விஷயத்தை இனியாவது அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கேட்டுவிட்டு அழ வேண்டும் என்றோ, மனம் மாற வேண்டும் என்றோ எதிர்பார்க்க வேண்டாம். தன் வீட்டு அடுப்பு எரிந்ததில் யாருக்குப் பங்கு இருந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குடித்துச் செத்தவருக்காக அழுவது தரக்குறைவு என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாகவே இருக்கிறது. சாந்தி ரங்கநாதன் தன் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தச் சாவை அவர் வெட்கப்பட்டு மறைக்கவில்லை. கணவரின் பெயரிலேயே 1980இல் சென்னையில் குடிநோயாளிகளுக்கான சிகிச்சை அமைப்பைத் தொடங்கினார். எல்லோராலும் ஆஸ்பத்திரி கட்ட முடியாது, சரி. ஆனால் அழுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

நீங்கள் நண்பரை மட்டும் இழக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வருடங்களை அருவருப்பில்லாமல் நினைத்துப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். உங்கள் வீட்டுக்கு அது கெட்ட காலம். ஏஏ கூட்டத்தில் அது நீங்கள் தாண்டி வந்த காலம். அதற்குள்ளேயும் ஓவர்லாக் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிய பேச்சு இருந்திருக்கும், நைட் ஷிப்டில் பங்கு போட்டுச் சாப்பிட்ட புரோட்டா இருந்திருக்கும். அதையெல்லாம் இனி யாரிடம் சொல்வீர்கள்? குடியை விட்டவர்கள் இந்தத் துக்கத்தைப் பேசுவதே இல்லை. பேசினால் பழைய வாழ்க்கைக்கு ஏங்குகிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். பயப்படாமல் உங்கள் கூட்டத்திலேயே பேசுங்கள். "தப்பிச்சீங்க" என்று சொன்னவர்களில் பாதிப் பேருக்காவது இப்படி ஒருவர் இருந்திருப்பார்.

அப்புறம் மன உறுதி. இந்தப் பேச்சு எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. வருடக்கணக்கில் தினமும் குடிக்கும்போது மது மூளையை அமுக்கிக்கொண்டே இருக்கும். அதை எதிர்த்து வேலை செய்ய மூளையும் தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் அமுக்குவதற்கு எதுவும் இல்லாமல் அந்த வேகம் மட்டும் மிஞ்சும். இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வேர்வை, இல்லாத பூச்சிகள் தெரிவது, சிலருக்கு வலிப்பு. இதில் உயிரே போகலாம். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்து இதைத் தாண்டவைக்க முடியும். உங்களுக்கு அந்தப் படுக்கை கிடைத்தது. அவர் மருத்துவ உதவி இல்லாமல் வீட்டிலேயே முயன்றார். அந்த இரண்டு நாள் முயற்சிக்கு எவ்வளவு உறுதி வேண்டும் என்று அவரைக் குறைசொல்கிறவர்களுக்குத் தெரியாது. (வீட்டில் இப்படி யாரையாவது வைத்துக்கொண்டு இதைப் படிப்பவர்கள், டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவைக்காதீர்கள். 14446 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.)

ஒரே பாட்டில்தான். ஆனால் உடம்பு வேறு வேறு. பல வருடம் அதிகமாகக் குடிப்பவர்களில் 10 முதல் 20 சதவீதம் பேருக்குக் கல்லீரல் இறுகிப்போகிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பரம்பரை, சாப்பாடு, மஞ்சள் காமாலைக் கிருமி என்று பல காரணங்கள். இறுகிய கல்லீரலுக்குள் போக முடியாத ரத்தம் உணவுக்குழாயின் நாளங்களில் தேங்கி அவற்றைப் புடைக்கவைக்கும். அது வெடித்தால் வருவதுதான் அந்த ரத்த வாந்தி. பல வருடங்களாக உள்ளே நடந்துகொண்டிருந்தது அது. நீங்கள் போனை எடுத்திருந்தாலும் அந்த நாளங்கள் அப்படியேதான் இருந்திருக்கும்.

ஆனாலும் அவர் என்ன சொல்ல நினைத்தார் என்பது உங்களுக்கு இனித் தெரியாது. அது வலிக்கும். சமாதானம் சொல்லி அதை மூட எனக்கு மனம் வரவில்லை. குடிநோயாளிகளின் குடும்பங்களுக்கான அல்-அனான் குழுக்களில் ஒன்று சொல்வார்கள்: இதை நாம் உண்டாக்கவில்லை, நம்மால் அடக்க முடியாது, நம்மால் குணப்படுத்தவும் முடியாது. மனைவிமார்களுக்கும் அம்மாக்களுக்கும் சொல்லப்படும் இதை நண்பனும் கேட்டுக்கொள்ளலாம். உயிர் பிழைப்பதற்காக நீங்கள் விலகினீர்கள். அன்றைக்கு இன்னொருவரையும் சேர்த்துக் கரையேற்ற உங்களிடம் பலம் இருக்கவில்லை.

கருமாதிக்குப் போங்கள். காலையிலேயே போங்கள், ஏஏ நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். படையலில் பாட்டில் இருந்தால் சண்டை போட வேண்டாம், கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். பழைய ஆட்கள் சாயங்காலம் எங்கே கூடுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும், அந்தப் பக்கமே போகக்கூடாது. ராத்திரி தாங்க முடியவில்லை என்றால் எந்த நேரமானாலும் ஸ்பான்சரைக் கூப்பிடுங்கள்.

நண்பரின் மனைவியிடம் மன்னிப்புக் கேட்க உங்களுக்கு மனம் துடிக்கலாம். ஏஏயின் ஒன்பதாவது படி உங்களுக்குத் தெரியும்: அவர்களைக் காயப்படுத்தாது என்றால் மட்டும் ஈடுசெய்வது. துக்கத்தில் இருப்பவரிடம் நம் பாரத்தை இறக்கிவைத்தால் அது அவருக்கு இன்னொரு சுமை. அதைவிட உருப்படியான ஒன்று உங்களால் முடியும். நண்பர் எந்தெந்தக் கம்பெனியில் வேலை பார்த்தார், எங்கே பி.எஃப். பிடித்தார்கள் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம். பக்கத்து மெஷினில் இருந்த உங்களுக்குத் தெரியும். பிடித்தம் இருந்தால் அந்தப் பணம் குடும்பத்துக்குச் சேர வேண்டும். தகுதி இருந்தால் மனைவிக்கு ஓய்வூதியமும், இரண்டு பிள்ளைகள் வரை 25 வயது ஆகும்வரை தனியாக ஒரு தொகையும் உண்டு. காரியம் முடிந்து ஒரு வாரம் போகட்டும். அப்புறம் உங்கள் மனைவியையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய், நண்பருடைய பழைய சம்பளச் சீட்டும் பி.எஃப். கணக்குக்கான யுஏஎன் எண்ணும் எங்காவது இருக்கிறதா என்று கேளுங்கள்.

அன்புடன்.