தலை சுற்றினால் எந்த மாத்திரையைக் குறை சொல்வது?

சர்க்கரை நோயும் தலைசுற்றலும் பற்றி வந்த கேள்விகளை இந்த முறை சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன். எல்லோரும் மாத்திரையின் பெயரை ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். எந்த நேரத்தில், என்ன செய்யும்போது சுற்றுகிறது என்பதைத்தான் பலர் விட்டுவிட்டீர்கள். எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

காலையில் டீயோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு நடவுக்குப் போகிறேன். பத்து மணி வாக்கில் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டி, கண் இருட்டுகிறது. கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரை. வெயில்தான் காரணமா? (மன்னார்குடி அருகிலிருந்து, வயது 52)

வெயிலும் சேர்ந்திருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது அப்படியே தாழ்சர்க்கரையின் அடையாளம். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று கிளிமிபிரைடு பார்க்காது; கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைத்துவிடும். வெறும் டீயைக் குடித்துவிட்டுச் சேற்றில் குனிந்து வேலை செய்தால் இருக்கிற சர்க்கரையும் தசைக்குப் போய்விடும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இப்படி ஆவது அபூர்வம்.

அடுத்த முறை வந்தால் வரப்பில் உட்கார்ந்துவிடுங்கள். குளுக்கோமீட்டர் இருந்தால் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தாலும், பார்க்க வழியே இல்லாவிட்டாலும், 15 கிராம் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். அது சுமார் மூன்று டீஸ்பூன். 15 நிமிடம் கழித்தும் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. அப்புறம் சாப்பாடு. உங்களுக்கு மிட்டாயும் வீட்டுச் சர்க்கரையும் உடனே கைகொடுக்காது. சர்க்கரையை உடைத்து ரத்தத்தில் சேர விடாமல் தாமதப்படுத்துவதுதான் வோக்லிபோஸின் வேலை. அதனால் குளுக்கோஸ் பாக்கெட்டே சுருக்குப்பையில் இருக்கட்டும். கூட வேலை செய்கிறவர்களிடமும் சொல்லி வையுங்கள்: நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும்.

பழையதோ இட்லியோ, இனி மாத்திரை சாப்பாட்டோடுதான். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். நடவுக் காலத்துக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். நீங்களே பாதியாக உடைத்துப் போடாதீர்கள். இவ்வகைக் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் மெட்ஃபார்மின் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டிருக்கும். உடைத்தால் அந்த ஏற்பாடு கெட்டுப்போகும்.

இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தால் தள்ளுகிறது. சர்க்கரை 140தான் இருக்கிறது. சென்ற மாதம் டாபாகிளிஃப்ளோசின் சேர்த்தார்கள். நிறுத்திவிடலாமா? (திருவையாறு, வயது 71)

உங்கள் பட்டியலில் நீர் பிரிக்கும் மருந்து சேர்ந்த டெல்மிசார்டான் என்ற பிரஷர் மாத்திரையும், புராஸ்டேட்டுக்கு இரவில் போடும் டாம்சுலோசினும் இருக்கின்றன. சர்க்கரைக்கான டாபாகிளிஃப்ளோசினும் சிறுநீர் வழியாக நீரை வெளியேற்றும். மூன்றும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்க வாய்ப்பு அதிகம். நாள்பட்ட சர்க்கரையில் ரத்தக் குழாய்களைச் சுருக்கும் நரம்புகளும் தளர்ந்திருக்கலாம். ஆக, புதிதாக வந்தவர் மேல் மட்டும் பழி போட நான் தயாரில்லை.

உட்கார வைத்து மட்டும் பிரஷர் பார்த்தால் இது பிடிபடாது. ஐந்து நிமிடம் படுத்த பிறகு ஒரு முறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் காரணம் தெரிந்துவிட்டது. எதைக் குறைப்பது, எதை நேரம் மாற்றுவது என்று மருத்துவர் முடிவு செய்வார். அதுவரை கட்டில் விளிம்பில் கொஞ்சம் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு எழுங்கள். இரவுக்கு ஒரு பாத்திரத்தைக் கட்டிலடியில் வைத்துக்கொள்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. இடுப்பெலும்பு உடைந்தால் வரும் கஷ்டம் பெரிது.

மெடிக்கலில் தலைசுற்றல் மாத்திரை வாங்கி ஆறு மாதமாகப் போடுகிறேன். தொடரலாமா? (நாகப்பட்டினம்)

வேண்டாம். சின்னரிசின், புரோகுளோர்பெரசின் போன்றவை சில நாள் தேவைக்குத்தான். வயதானவர்கள் மாதக்கணக்கில் போட்டால் பார்கின்சன் நோய் போல நடுக்கமும் விறைப்பும் வரலாம். படுக்கையில் புரளும்போது மட்டும் சில நொடிகள் வீடே சுழல்கிறது என்றால் அது உள்காதுக் கோளாறாக இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையைச் சில நிலைகளில் திருப்பியே பெரும்பாலும் சரிசெய்துவிடுவார்.

அம்மா பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். சுத்த சைவம். பாதம் எரிகிறது, இருட்டில் நடந்தால் தடுமாறுகிறார். (கும்பகோணம்)

பி12 பரிசோதனை செய்யுங்கள். நீண்ட நாள் மெட்ஃபார்மின் அதைக் குறைக்கக்கூடும். சைவ உணவில் பால், தயிர் தவிர அது கிடைக்கும் வழியும் குறைவு. குறைந்திருந்தால் ஊசியோ மாத்திரையோ போதும், மெட்ஃபார்மினை விட வேண்டியதில்லை. சர்க்கரையாலேயே நரம்பு கெட்டிருக்கவும் கூடும் என்பதால் பாதத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

ஏகாதசியன்று மாத்திரையை நானே விட்டுவிடலாமா? (மயிலாடுதுறை)

முந்தைய வாரமே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். கிளிமிபிரைடும் இன்சுலினும் பட்டினியோடு ஒத்துப்போகாது. டாபாகிளிஃப்ளோசினோடு முழுப் பட்டினி கிடந்தால் சர்க்கரை ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு.

எந்தத் தலைசுற்றலுக்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? (திருவாரூர்)

திடீரென்று சுற்றலோடு வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் பலம் போனாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, நிற்கவே முடியாவிட்டாலோ பக்கவாதம் என்றே எண்ணுங்கள். சர்க்கரையைப் பாருங்கள், தாழ்சர்க்கரையும் இப்படி வேடம் போடும். ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். மூளைக்குப் போகும் குழாயை அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மூச்சுத் திணறலும் குளிர்ந்த வியர்வையும் சேர்ந்தால் மாரடைப்பாகவும் இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் அது வரும். 108-ஐ அழைத்து, தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல சி.டி. ஸ்கேன் உள்ள இடத்துக்குப் போங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை அங்கே முதலில் சொல்லுங்கள், மாத்திரை அட்டைகளைப் பையோடு எடுத்துப் போங்கள்.