பதில்: ஐந்து பேரை மட்டும் பரிந்துரைக்கச் சொன்னால் யாரை விடுவது?

வணக்கம் டீச்சர். மீத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கான சிறப்பு வகுப்புக்கு நீங்கள் எழுதிய பட்டியலில் ஐவருமே நன்றாகப் பேசுகிற, படித்த பெற்றோரின் பிள்ளைகள். வகுப்பில் வாய் திறக்காமல் புதிர்களை மட்டும் சட்டென்று முடிக்கும் அந்தச் சிறுமி அதில் இல்லை. அது உறுத்துகிறது என்கிறீர்கள். உறுத்த வேண்டியதுதான்.

குறை உங்கள் கண்ணில் இல்லை, முறையில் இருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பிரோவர்ட் மாவட்டப் பள்ளிகளும் முதலில் ஆசிரியர், பெற்றோர் பரிந்துரையைத்தான் நம்பியிருந்தன. 2005-இல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் சொற்கள் இல்லாத, வடிவங்களை வைத்துச் சிந்திக்கும் தேர்வை வைத்தார்கள். பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகள் சிறப்பு வகுப்புக்குத் தேர்வாகும் விகிதம் 180 சதவீதம் கூடியது. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் லாரா ஜுலியானோவும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இது. அந்தப் பிள்ளைகள் முன்பும் அதே வகுப்புகளில்தான் உட்கார்ந்திருந்தார்கள், யாரும் பெயர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதனால் பரிந்துரைக்கு முன் வகுப்பு முழுவதையும் சோதிக்கச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். முடியாது என்றால், புதிய வகைக் கணக்கு ஒன்றை எல்லோருக்கும் கொடுத்து, விடையைவிட அவர்கள் போகிற வழியைக் குறித்து வையுங்கள். கையெழுத்து, ஒழுங்கு, வீட்டுப்பாடம் இதில் சேரக் கூடாது. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைக்கு அவள் மொழியிலேயே விளக்கினால் இன்னும் நல்லது. ஒரே தேர்வை வைத்து யாரையும் தள்ளிவிட வேண்டாம், அடுத்த ஆண்டும் பாருங்கள்.

அப்புறம், அந்தச் சிறுமியின் பெயரை இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆறாவது பெயராக இருந்தாலும் பரவாயில்லை.