மேடையில் எண்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சாலைப் பாதுகாப்பு பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அரசு அறிக்கையிலிருந்து பதினைந்து புள்ளிவிவரங்கள் எடுத்து வைத்திருக்கிறேன். போன வருடமும் இப்படித்தான் பேசினேன், பாதிப் பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண்களே வேண்டாமா?
– ஓர் ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: எண்கள் கட்டாயம் வேண்டும். ஆனால் பதினைந்து வேண்டாம், இரண்டு போதும். படிக்கிறவருக்குப் புரியாவிட்டால் மேல் வரிக்குப் போய் இன்னொரு தடவை பார்த்துக்கொள்வார், கேட்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. இதை மேடையில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 'நானூற்றுத் தொண்ணூற்றொன்று' என்று முடிக்கும்போது முதலில் சொன்ன லட்சமே காதை விட்டுப் போயிருக்கும். வகுத்துச் சொல்லுங்கள்: மணிக்கு 19 பேர். உங்கள் கூட்டம் நடக்கிற நேரத்தை வைத்தே பெற்றோர் மீதியைக் கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

அப்புறம் அதே அறிக்கையில், ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர் என்று இருக்கிறது. அதாவது சாலையில் இறந்த பத்துப் பேரில் மூன்று பேர். அவர்களில் பதினாலாயிரம் பேருக்கு மேல் வண்டி ஓட்டியவர்களே இல்லை, பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். உங்களுக்கான எண் இதுதான், ஏனென்றால் உங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுப் போகிற அப்பா, மறுநாள் காலையில் பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டுதான் பள்ளிக்கு வரப்போகிறார். மற்ற பன்னிரண்டு பதிமூன்றையும் எடுத்து வையுங்கள், யாராவது கேட்டால் சொல்லலாம்.

எண்ணை எப்படிக் கையாள வேண்டும் என்று கற்றுக்கொள்ள நான் எல்லோருக்கும் சொல்வது, 1930 மார்ச் 2 அன்று, தண்டி யாத்திரைக்குப் பத்து நாள் முன்பு, வைஸ்ராய் இர்வினுக்குக் காந்தி எழுதிய கடிதத்தைத்தான். வைஸ்ராயின் சம்பளம் மாதம் 21,000 ரூபாய். அதோடு விட்டிருந்தால் பெரிய சம்பளம் என்று மட்டும்தான் தோன்றும். அவர் அதை ஒரு நாளைக்கு 700 ரூபாய்க்கு மேல் என்று உடைக்கிறார், பக்கத்திலேயே ஓர் இந்தியரின் சராசரி நாள் வருமானம் இரண்டணாவுக்கும் (ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா) குறைவு என்று வைக்கிறார், ஆக ஐயாயிரம் மடங்குக்கும் மேல் என்று காட்டுகிறார். அதற்கு அடுத்த வரிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: பிரிட்டிஷ் பிரதமர் வாங்குவது அந்த நாட்டுச் சராசரி வருமானத்தைப் போல 90 மடங்குதான். எதிராளியின் வீட்டிலிருந்தே அளவுகோலை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டார். கடிதம்தான், ஆனாலும் வாய்விட்டுப் படித்தால் ஒரு தடவையிலேயே புரியும், ஒரு எண்ணும் வீணாக வரவில்லை.

கேள்வி: பட்டிமன்றத்தில் 'இரண்டு மடங்கு ஆகிவிட்டது', 'நூறு சதவீதம் கூடிவிட்டது' என்றால் கைதட்டல் அள்ளுகிறது. சொல்வது உண்மைதான். இருந்தும் நண்பர்கள் ஏமாற்று வேலை என்கிறார்கள். சரியா?
– கல்லூரி மாணவர், மதுரை

பதில்: எத்தனையிலிருந்து எத்தனை என்று சொல்லாமல் விட்டால், உங்கள் நண்பர்கள் சொல்வது சரி. 1995 அக்டோபரில் பிரிட்டனில், சில புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்துபோகும் ஆபத்தை இரண்டு மடங்காக்குகின்றன என்று அதிகாரபூர்வ எச்சரிக்கை வந்தது. செய்தி பரவியது, பயந்துபோய் ஏராளமான பெண்கள் மாத்திரையையே நிறுத்தினார்கள். உண்மையில் ஆபத்து 7,000 பெண்களில் ஒருவருக்கு என்பதிலிருந்து இரண்டு பேருக்கு என்று கூடியிருந்தது, அவ்வளவுதான். அதையடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடின என்று மதிப்பிட்டார்கள். 'இரண்டு மடங்கு' பொய்யில்லை. ஆனால் 7,000 என்ற எண் அந்தப் பெண்களின் காதுக்குப் போயிருந்தால் பலர் நிதானமாக முடிவெடுத்திருப்பார்கள், அதுதான் என் ஆதங்கம்.

அதனால் சதவீதம் சொல்லுங்கள், கூடவே பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சொல்லுங்கள், எந்த வருடம், யார் எடுத்த கணக்கு என்பதையும் அதே மூச்சில் சேர்த்துவிடுங்கள். எதிரணி வெறும் சதவீதத்தோடு வந்தால் நடுவர் முன்னால் ஒரே கேள்வி கேளுங்கள்: "எத்தனையிலிருந்து எத்தனை ஆச்சு?"