கீரை சாப்பிடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு இதய வால்வு மாற்றி வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார். முட்டி வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கலாமா? கீரையே கூடாதாமே?

பதில்: டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகையறாவை நீங்களாக வாங்கிக் கொடுக்கவே வேண்டாம், அசிட்ரோமோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம், மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வலிக்கு எது சரி என்று டாக்டரிடமே கேளுங்கள்.

கீரையை யார் நிறுத்தச் சொன்னது? அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும், அதனால் ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரைப் பொரியல், அடுத்த வாரம் கண்ணிலேயே காட்டாமல் இருப்பது என்ற ஆட்டம்தான் ஆபத்து. அளவு ஒரே சீராக இருக்கட்டும். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். ராத்திரி மாத்திரை மறந்துபோனால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. அப்புறம், பல் பிடுங்கப் போனாலும் முதலில் இந்த மாத்திரையைச் சொல்லுங்கள்.