சிற்பத்தை யார் தூக்குவது?

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் அல்சூர் பக்கம் குடியிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு, இங்கே ஒரு அருங்காட்சியகத்தில் நடக்கும் இளம் சிற்பிகளின் கண்காட்சிக்குப் போனேன். எல்லாரும் உள்ளூர்ப் பிள்ளைகள். துருப்பிடித்த கம்பி, கோணி, சைக்கிள் செயின், சிமெண்ட், இவ்வளவுதான். பக்கத்தில் மாட்டியிருந்த குறிப்பைப் படித்தால் இன்னும் குழப்பம். பையன் ஒன்றைத் தொட்டுவிட்டான், காவலர் அதட்டினார். பேலூரும் ஹளேபீடும் இருக்கிற மாநிலத்தில் இவர்கள் ஏன் கல்லைத் தொடுவதில்லை? உழைக்கச் சோம்பலா? இதையெல்லாம் எப்படி ரசிப்பது?

அன்புடன்,
கா.

அன்புள்ள கா.,

ஞாயிற்றுக்கிழமை மாலுக்குப் போகாமல் பையனைச் சிற்பம் பார்க்கக் கூட்டிப்போயிருக்கிறீர்கள். அதற்காகவே உங்களுக்குப் பதில் எழுதலாம். குறிப்பை விடுங்கள், எழுதியவருக்கே புரிந்திருக்காது. காவலர் அதட்டினார் என்றால் அது அவர் வேலை. ஆனால் 'சோம்பலா' என்று கேட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் இது.

பேலூர் சென்னகேசவர் கோயில் 1117-ல் ஹொய்சள அரசன் விஷ்ணுவர்தனன் எழுப்பியது. அந்தக் கல் மாக்கல் வகை. வெட்டி எடுத்த புதிதில் உளிக்கு வளைந்து கொடுக்கும், காற்றுப்படப் படத்தான் இறுகும். அங்கே வேலை செய்த சிற்பி தாசோஜாவும் அவர் மகன் சாவணனும் தாங்கள் செய்த சிற்பங்களின் அடியில் பெயரைப் பொறித்துவிட்டே போனார்கள். மகா கலைஞர்கள், சந்தேகமில்லை. ஆனால் கல்லைக் கொண்டுவந்து இறக்கியது யார்? செய்ததை வைக்க இடம் கொடுத்தது யார்? அந்தக் கவலையெல்லாம் அரசனுடையது.

இப்போது உங்கள் இளம் சிற்பிக்கு வருவோம். ஒரு கன அடி கருங்கல் ஏறக்குறைய 75 கிலோ. மாடி வாடகை வீட்டில் இருப்பவன் அதை எங்கே வைத்துச் செதுக்குவான்? கிரைண்டர் போட்ட அன்றே வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிடுவார். சரி, வெண்கலம்? முதலில் மெழுகில் உருவம் செய்து, மெழுகை உருக்கி எடுத்த இடத்தில் உலோகத்தை ஊற்ற வேண்டும். மெழுகு ஒரு கிலோ என்றால் உலோகம் 9 கிலோ வேண்டும். அதற்கு மேல் பட்டறைக் கூலி. வாங்க ஆள் இல்லாத இருபத்தைந்து வயதுக்காரன் காயலான் கடைக்குத்தான் போவான். அங்கே கம்பி கிலோக் கணக்கில் கிடைக்கிறது. இதற்குப் பெயர் சோம்பலா?

தருமபுரிக்கார நண்பர் ஒருவர் கெங்கேரிக்கு அப்பால் தகரக் கொட்டகை ஒன்றை வாடகைக்கு எடுத்து வேலை செய்துவந்தார். கண்காட்சி முடிந்ததும் விற்காதவை எல்லாம் குட்டி யானை லாரியில் ஏறி கொட்டகைக்கே திரும்பி வரும். ஏற்றுகூலி, இறக்குகூலி எல்லாம் அவர் தலையில். ஒருமுறை நான் போனபோது ஆளுயரப் பெண்ணுருவம் ஒன்றைச் சுத்தியலால் உடைத்துக்கொண்டிருந்தார். பதறிப்போய்க் கேட்டேன். "இடம் வேணுமே" என்றார். பிளாஸ்டர் உதிர உதிர உள்ளேயிருந்த கம்பிக்கூடு வெளியே வந்தது. கட்டுக்கம்பியைக் குறடால் நறுக்கிவிட்டு, தடித்த கம்பிகளை ஒவ்வொன்றாகக் கல்லின்மேல் வைத்துத் தட்டி நிமிர்த்தினார். "இது இடுப்புல இருந்த கம்பி. அடுத்ததுக்குக் காலுக்கு ஆகும்." முகத்தை மட்டும் உடைக்கவில்லை. கோணியில் சுற்றிப் பரண்மேல் வைத்தார். அப்புறம் டீ போட்டுக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் என் கண் முதலில் எடையைத்தான் பார்க்கிறது. இதை எத்தனை பேர் தூக்கியிருப்பார்கள், வாசலில் நுழைய எத்தனை துண்டாகக் கழற்றியிருப்பார்கள், முடிந்தபின் எங்கே போகும் என்று. ஓவியத்தைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம், கவிதைக்கு அதுவும் வேண்டாம். சிற்பி தன் கற்பனைக்கே வாடகை கட்டுகிறவன்.

இல்லாமையிலிருந்து பெரிய விஷயங்களும் வந்திருக்கின்றன. வங்கச் சிற்பி ராம்கிங்கர் பைஜ் 1938-ல் சாந்திநிகேதனில் செய்த 'சந்தால் குடும்பம்' வெண்கலமும் இல்லை, பளிங்கும் இல்லை. கம்பிக்கூட்டின் மேல் செம்பூரான் சரளையும் சிமெண்டும் கலந்து அப்பியது. இந்திய நவீனச் சிற்பம் என்று பேச ஆரம்பித்தால் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள். சென்னைக்குப் பக்கத்தில் சோழமண்டலம் என்று ஓவியர் கிராமம் இருக்கிறதே, அங்கே இருந்த நம் சிற்பி ஜானகிராம் கனத்த வார்ப்பை விட்டுவிட்டுச் செப்புத் தகட்டைத் தட்டித் தட்டியே ராஜாக்களையும் கிறிஸ்துவையும் எழுப்பினார். அவர்களையும் சோம்பேறிகள் என்பீர்களா?

இப்படிச் சொல்வதால் நீங்கள் பார்த்ததெல்லாம் நல்ல சிற்பம் என்று அர்த்தமில்லை. அந்த மாதிரிக் கண்காட்சிகளில் பாதி தேறாது. கம்பியைக் குவித்துவிட்டு 'நகரம்' என்று பெயர் வைப்பவர்கள்மேல் உங்களைவிட எனக்கு எரிச்சல் அதிகம். ஆனால் தேறாததைக் கண்டுபிடிக்கவும் சுற்றிவந்து பார்க்க வேண்டும். முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துவிட்டு நகர்ந்தால் எப்படித் தெரியும்? பின்பக்கம் போங்கள். பற்றவைத்த இடத்தைப் பாருங்கள். பாரம் எந்தக் காலில் இறங்குகிறது என்று குனிந்து பாருங்கள். பையன்கள் இதைத் தானாகவே செய்வார்கள், நாம்தான் கையைப் பிடித்து இழுத்துவருகிறோம்.

கண்காட்சி முடிந்திருக்காவிட்டால் இன்னொரு முறை போங்கள். சாயங்காலத்தில் அந்தப் பிள்ளைகளில் யாராவது அங்கேயே நின்றுகொண்டிருப்பார்கள். அர்த்தம் கேட்காதீர்கள். எப்படிக் கொண்டுவந்தீர்கள், முடிந்ததும் எங்கே வைப்பீர்கள் என்று கேளுங்கள், மடைதிறந்த மாதிரி பேசுவார்கள். உங்கள் வீட்டு அலமாரியில் அடங்குகிற அளவில் ஏதாவது பிடித்திருந்தால் விலை கேளுங்கள். பேரம் பேசாதீர்கள்.